1937இல் ஜெயித்த அம்பேத்கர் 1952இல் தோற்றது ஏன்? நடுவில் மாறிய ஒரு தேர்தல் விதியின் கதை

இந்திய அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் பி.ஆர்.அம்பேத்கர் மக்களவைத் தேர்தலில் இரண்டு முறை நின்றார். இரண்டு முறையும் தோற்றார். முதல் முறை 1952 ஜனவரியில், வடக்கு பம்பாய் நகரத் தொகுதியில். இரண்டாவது முறை 1954 மே மாதம், பண்டாரா இடைத்தேர்தலில்.

ஆனால் அதே பம்பாய் நகரத்தில் 1937இல் அவர் ஜெயித்திருக்கிறார். அப்போது அவரை எதிர்த்து நின்றவர் சாதாரண ஆள் இல்லை. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான பல்வங்கர் பாலு.

இந்த 15 வருஷத்தில் என்ன மாறியது? நாடு சுதந்திரம் அடைந்தது, காங்கிரஸுக்குப் பெரிய அலை அடித்தது, கூட்டணிகள் மாறின. இதெல்லாம் நமக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொன்றும் மாறியது: ஓட்டு போடும் விதி.

அம்பேத்கரின் அரசியல் வாழ்க்கையைத் தேர்தல் விதிகள் வழியாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகப் புரியும். யார் வேட்பாளர் ஆகிறார், யார் ஜெயிக்கிறார், ஜெயித்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை மக்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. ஓட்டை எப்படிப் போட வேண்டும், எப்படி எண்ண வேண்டும் என்று எழுதிவைத்தவர்களும் சேர்ந்துதான் முடிவு செய்கிறார்கள்.

27 வயசில் எழுப்பிய கேள்வி

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் ராணுவ முகாமில் பிறந்தவர் அம்பேத்கர். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். மகர் சமூகத்தில் பிறந்ததால் பள்ளிக்கூடத்திலேயே தீண்டாமையைச் சந்தித்தார். பிறகு பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம், அடுத்து லண்டன் பொருளாதாரப் பள்ளி.

அவர் தேர்தல் விதிகளைப் பற்றிப் பொதுவெளியில் முதலில் பேசியது 1919 ஜனவரியில். யாருக்கு ஓட்டுரிமை கொடுக்கலாம் என்று விசாரிக்க வந்த சவுத்பரோ குழுவின் முன்னால் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 27. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

அன்றைக்கு ஓட்டுரிமை என்பது சொத்து, வரி, வாடகை ஆகியவற்றைப் பொறுத்தது. நிலம் வாங்க முடியாத, ஊருக்குள் வீடு கிடைக்காத ஒரு சமூகத்துக்கு இந்த அளவுகோல் வைத்தால் என்ன ஆகும்? வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்காது. சாதி விலக்கி வைத்தவர்களைத் தேர்தல் விதியும் இன்னொரு முறை விலக்கி வைக்கும்.

அவர் கேட்டது இரண்டு. ஒன்று, தீண்டப்படாதோருக்கு ஓட்டுரிமைத் தகுதியைக் குறைக்க வேண்டும். இரண்டு, அவர்களுடைய பிரதிநிதியை அவர்களுடைய ஓட்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டுமே கிடைக்கவில்லை. நியமனம்தான் கிடைத்தது. அதாவது, ஆளுநர் பார்த்து ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புவார். சென்னை மாகாணத்தில் எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் இப்படித்தான் சட்டமன்றத்துக்குள் போனார்கள். 1926 கடைசியில் அம்பேத்கரும் பம்பாய் சட்டமன்றத்துக்கு இதே வழியில்தான் நியமிக்கப்பட்டார்.

நியமனத்தில் உள்ள சிக்கலைப் புரிந்துகொள்வது எளிது. உங்களை அனுப்பியவர் ஆளுநர் என்றால், அடுத்த முறையும் அனுப்ப வேண்டியவர் அவர்தான். உங்கள் தெருவில் இருப்பவர் இல்லை.

அவர் ஆரம்பத்திலிருந்தே தனி வாக்காளர் தொகுதி கேட்டாரா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை.

1928இல் சைமன் குழுவின் முன்னால் அவர் வைத்த கணக்கு வேறு. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுங்கள். கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து ஓட்டு போடும் பொதுத் தொகுதியில் இடஒதுக்கீடு போதும். எல்லோருக்கும் ஓட்டுரிமை இல்லை என்றால் தனி வாக்காளர் தொகுதி வேண்டும்.

அவருக்கு எந்த ஏற்பாடும் கொள்கைப் பிடிவாதம் இல்லை என்பது இதில் தெரிகிறது. ஓட்டுரிமை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைப் பார்த்து, அதற்குத் தகுந்த பாதுகாப்பைக் கேட்டார்.

1930இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சார்பில் போனவர்கள் இருவர்: அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். எல்லோருக்கும் ஓட்டுரிமை வருவதற்கான அறிகுறி இல்லாத நிலையில், 1931இல் நடந்த இரண்டாவது மாநாட்டில் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கை வலுத்தது. அந்த மாநாட்டுக்கு வந்திருந்த காந்தி அதைக் கடுமையாக எதிர்த்தார்.

ஒடுக்கப்பட்டோர் தலைவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. 1932 தொடக்கத்தில் எம்.சி.ராஜா, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அது கூட்டுத் தொகுதியில் இடஒதுக்கீடு என்ற வழி. அந்தப் பக்கத்து வாதத்திலும் நியாயம் உண்டு. தனியாகப் பிரிந்துவிட்டால் பெரிய கட்சி எதற்கும் நம் ஓட்டு தேவைப்படாது. தேவைப்படாதவரை யார் மதிப்பார்கள்?

இரட்டை வாக்குரிமை: குழம்ப வேண்டாம்

இங்கே ஒரு சின்ன விளக்கம். தமிழ்நாட்டில் நாம் தனித்தொகுதி என்று சொல்வது வேறு. 1932இல் சண்டை நடந்தது வேறு ஒன்றுக்காக.

* இன்றைய தனித்தொகுதி: வேட்பாளர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டு போடுவது தொகுதியில் உள்ள எல்லோரும்.
* தனி வாக்காளர் தொகுதி: வேட்பாளரும் அந்தச் சமூகம், ஓட்டு போடுபவர்களும் அந்தச் சமூகம் மட்டுமே.
* இரட்டை வாக்குரிமை: தனி வாக்காளர் தொகுதியில் ஓர் ஓட்டு, கூடவே பொதுத் தொகுதியிலும் இன்னோர் ஓட்டு.

1932 ஆகஸ்ட் 16 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு கொடுத்தது மூன்றாவதை. மாகாணச் சட்டமன்றங்களில் மொத்தம் 71 இடங்கள். 20 ஆண்டுகளுக்கு.

இதில் இரண்டாவது ஓட்டுதான் முக்கியம். தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்க ஓர் ஓட்டு. பொதுத் தொகுதியில் நிற்கும் மற்ற சாதி வேட்பாளர்களும் நம்மிடம் ஓட்டு கேட்டு வர வேண்டும் என்பதற்காக இன்னோர் ஓட்டு. தனியாகப் பிரிந்துவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு இதற்குள்ளேயே ஒரு பதில் இருந்தது.

காந்தியின் எதிர்ப்புக்குக் காரணம்: இது இந்து சமூகத்தை நிரந்தரமாகப் பிளக்கும், தீண்டாமையைச் சட்டத்தில் எழுதி வைத்ததுபோல் ஆகிவிடும். எரவாடா சிறையில் இருந்த அவர், 1932 செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்.

பூனா ஒப்பந்தம்: கிடைத்தது எவ்வளவு, போனது எது?

அடுத்த நான்கு நாட்கள் அம்பேத்கர் மீது விழுந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒருபக்கம் நாடே கொண்டாடும் தலைவரின் உயிர். அந்த உயிர் போனால் அதன் கோபம் முழுவதும் கிராமம் கிராமமாக யார் மேல் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு பக்கம், 13 வருஷமாகக் கேட்டு இப்போதுதான் கைக்கு வந்த உரிமை.

செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மதன் மோகன் மாளவியா, அம்பேத்கர், ராஜாஜி, இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா எனப் பலர் கையெழுத்திட்டார்கள். பின்னால் அம்பேத்கரை எதிர்த்து நிற்கப்போகும் பல்வங்கர் பாலுவும் அதில் ஒருவர்.

எண்ணிக்கையில் பார்த்தால் இது பெரிய லாபம். 71 இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 18லிருந்து 30.

ஆனால் தனி ஓட்டு போய்விட்டது. அதற்குப் பதில் ஓர் இரண்டுகட்ட ஏற்பாடு வந்தது. ஒவ்வோர் ஒதுக்கீட்டு இடத்துக்கும் முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் ஓட்டு போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். இந்த முதற்கட்டத் தேர்தல் 10 ஆண்டுகளுக்கு மட்டும்.

இதில் சிக்கல் எங்கே? முதற்கட்டத்தில் தன் மக்களிடம் அதிக ஓட்டு வாங்கி முதலாவதாக வந்தவர், இறுதிக்கட்டத்தில் தோற்கலாம். நான்காவதாக வந்தவர் ஜெயிக்கலாம். ஏனென்றால் கடைசி முடிவு தொகுதியின் பெரும்பான்மையிடம் இருக்கிறது. அப்படியென்றால் புத்திசாலி வேட்பாளர் என்ன செய்வார்? தன் மக்களிடம் நான்காவது இடம் வாங்கினால் போதும், மற்றவர்களைச் சங்கடப்படுத்தாமல் பேசினால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி, கூலியைப் பற்றி உரக்கப் பேசுபவருக்கு அங்கே ரிஸ்க் அதிகம்.

நான்கு பேருக்கு மேல் போட்டியிட்டால்தான் முதற்கட்டத் தேர்தலே தேவை. அதனால் நிறைய தொகுதிகளில் அது நடக்கவே இல்லை.

1937: குவித்துப் போட்ட ஓட்டு

1935 இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937இல் மாகாணத் தேர்தல்கள் நடந்தன. ஓட்டுரிமை இன்னமும் எல்லோருக்கும் இல்லை. நாடு முழுக்க சுமார் 3 கோடி வாக்காளர்கள்தான்.

அம்பேத்கர் 1936 ஆகஸ்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியிருந்தார். கட்சியின் பெயரிலேயே வியூகம் இருக்கிறது. கூட்டுத் தொகுதியில் ஜெயிக்க வேண்டுமானால் ஒரு சாதியின் கட்சியாக மட்டும் இருக்க முடியாது. மில் தொழிலாளர்கள், குத்தகை விவசாயிகள் எல்லோரையும் சேர்க்க வேண்டும். தேர்தல் விதி ஒரு கட்சியின் பெயரையும் கொள்கையையும் எப்படி வடிவமைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் இது.

பம்பாய் மாகாணத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஒதுக்கீட்டு இடம் உள்ள தொகுதிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். எத்தனை உறுப்பினரோ, வாக்காளருக்கு அத்தனை ஓட்டு. அந்த ஓட்டுகளைப் பிரித்தும் போடலாம், எல்லாவற்றையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்தும் போடலாம்.

அதனால் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கு.

ஒரு தொகுதியில் 100 வாக்காளர்கள், 2 இடங்கள். ஒன்று பொது, ஒன்று ஒதுக்கீடு. ஒவ்வொருவருக்கும் 2 ஓட்டு. இதில் 35 பேர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், எல்லோரும் ஒரு வேட்பாளரையே ஆதரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

* குவிக்கலாம் என்றால்: 35 பேரும் இரண்டு ஓட்டையும் அவருக்கே போடுவார்கள். மொத்தம் 70. மற்ற 65 பேரும் தங்கள் இரண்டு வேட்பாளர்களுக்கும் சமமாகப் பிரித்தால் தலா 65. ஒதுக்கீட்டு இடம் 35 பேர் ஆதரித்தவருக்கு.
* குவிக்கக்கூடாது என்றால்: 35 பேர் ஒரே வேட்பாளருக்குத் தலா ஓர் ஓட்டுதான் போட முடியும். மொத்தம் 35. எதிரில் நிற்பவருக்கு 65. தோல்வி உறுதி.

முதல் முறையில் அந்த 65 பேரும் ஒதுக்கீட்டு இடத்தைப் பிடிக்கத் தங்கள் ஓட்டுகளைக் குவிக்கலாம்தான். ஆனால் பொது இடத்தில் கடும் போட்டி இருந்தால் அதை இழக்க வேண்டிவரும். அந்தப் பயமே சிறுபான்மைக்குப் பலம்.

1937இல் பாலு வாங்கியது 11,225 ஓட்டு, அம்பேத்கர் வாங்கியது 13,245 ஓட்டு. வித்தியாசம் 2,000 சொச்சம். அவருடைய கட்சி 17 பேரை நிறுத்தி 14 இடங்களில் ஜெயித்தது. ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகாத கட்சி.

1946: மூடிய கதவும் திறந்த ஜன்னலும்

1942இல் நாக்பூரில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு உருவானது. முதல் தலைவர் சென்னையைச் சேர்ந்த என்.சிவராஜ். ஆனால் 1946 மாகாணத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு நாடு முழுக்க 2 இடங்கள்தான் கிடைத்தன. பம்பாயில் பூஜ்யம்.

அடுத்து வந்தது அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். அதற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாகாண எம்.எல்.ஏ.க்கள். பம்பாயில் கட்சிக்கு ஆளே இல்லை என்றால் அம்பேத்கர் எப்படிப் போவார்?

இங்கேதான் இன்னொரு விதி கைகொடுத்தது. அந்தத் தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடந்தது. வாக்காளர் தன் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்துவார். குறிப்பிட்ட ஒரு கோட்டாவைத் தொட்டால் போதும், பெரும்பான்மை தேவையில்லை. வங்காளத்தின் பொதுப் பிரிவில் நான்கைந்து முதல் விருப்ப ஓட்டு இருந்தாலே ஓர் இடம் கிடைக்கும் நிலை. அங்கே கூட்டமைப்பின் ஒரே எம்.எல்.ஏ. ஜோகேந்திரநாத் மண்டல். அவர் மற்ற சில உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டினார். பம்பாய்க்காரரான அம்பேத்கர் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குள் போனார்.

பெரும்பான்மைக்கே எல்லாம் என்ற விதி அன்றைக்கு இருந்திருந்தால், அவர் அந்தச் சபையில் கால் வைத்திருக்கவே முடியாது. பிறகு நாடு பிரிவினையாகி, அவர் இடம் போனது. அதற்குள் அவருடைய உழைப்பைப் பார்த்திருந்த காங்கிரஸ் தலைமை, எம்.ஆர்.ஜெயகர் காலி செய்த பம்பாய் இடத்தில் 1947 ஜூலையில் அவரை உள்ளே கொண்டுவந்தது. அடுத்த மாதம் சட்ட அமைச்சர். அந்த மாதக் கடைசியில் வரைவுக் குழுத் தலைவர்.

விதி எழுதும் இடத்தில்

1919இல் அவர் கேட்டதைவிடப் பெரியது 1950இல் சட்டமானது. சொத்து, படிப்பு, சாதி, பால் என எந்த அளவுகோலும் இல்லாமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள்.

தேர்தல் ஆணையத்தை ஒரே மத்திய அமைப்பாக மாற்றும் திருத்தத்தை 1949 ஜூனில் சபையில் முன்வைத்தவரும் அவர்தான். மாகாணங்கள் கையில் விட்டால், வேறு மொழி, வேறு இனத்தவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து ஒதுக்கிவிடுகிறார்கள் என்ற புகார்கள் அப்போதே வந்திருந்தன.

ஆனால் அவருடைய பழைய கேள்விக்கு, அதாவது பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்விக்கு, அந்தச் சபை வேறு பதில் சொன்னது. தனி வாக்காளர் தொகுதி முற்றிலும் ஒழிந்தது. முதற்கட்டத் தேர்தலும் போனது. ஒதுக்கீட்டு இடத்தில் ஜெயிப்பவர் தன் சமூகத்தின் ஓட்டில் குறைந்தது 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்று சென்னை மாகாண உறுப்பினர் எஸ்.நாகப்பா 1947 ஆகஸ்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வல்லபபாய் படேல் எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது.

அடுத்து 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சட்ட அமைச்சராக அதை நாடாளுமன்றத்தில் நடத்திச் சென்றவர் அம்பேத்கர். அந்தச் சட்டத்தில் ஒரு விதி: பல உறுப்பினர் தொகுதியில் எத்தனை இடமோ அத்தனை ஓட்டு உண்டு, ஆனால் ஒரு வேட்பாளருக்கு ஓர் ஓட்டுக்கு மேல் போடக்கூடாது. மீறிப் போட்டால் ஒன்றுதான் கணக்கில் வரும், மிச்சம் செல்லாது.

1937இல் கைகொடுத்த குவிக்கும் ஓட்டு அதோடு முடிந்தது. அவர் பெயரோடு சேர்ந்து போன சட்டத்திலேயே.

1952: வடக்கு பம்பாயில் நடந்தது

முதல் மக்களவைக்கு 489 இடங்கள், 401 தொகுதிகள். அதில் 86 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். வங்காளத்தில் ஒரு தொகுதிக்கு மட்டும் மூன்று உறுப்பினர்கள்.

இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டது உள்ளிட்ட காரணங்களால் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறியிருந்தார் அம்பேத்கர். வடக்கு பம்பாய் இரட்டைத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றார். பொது இடத்துக்குக் கூட்டணியில் சோஷலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தா. கம்யூனிஸ்ட் தலைவர் எஸ்.ஏ.டாங்கேயும் களத்தில் இருந்தார்.

இப்போது விதியை ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள். ஜெயிக்க வேண்டுமானால் அம்பேத்கருக்குத் தன் ஆதரவாளர்கள் போதாது. மற்ற வாக்காளர்களின் இரண்டாவது ஓட்டு வேண்டும். அதாவது, பொது இடத்துக்குத் தங்கள் கட்சிக்காரருக்கு ஓட்டு போட்ட ஒருவர், இரண்டாவது சீட்டை அம்பேத்கர் பெட்டியில் போட வேண்டும். காங்கிரஸ் வாக்காளருக்கோ வேலை சுலபம்: இரண்டு சீட்டையும் கட்சியின் இரண்டு வேட்பாளர்களுக்கு.

முடிவு: காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137. அம்பேத்கர் 1,23,576. வித்தியாசம் 14,561.

அந்தத் தொகுதியில் 74,333 வாக்குச்சீட்டுகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டது எப்படி என்று அம்பேத்கரும் மேத்தாவும் கேள்வி எழுப்பினார்கள். தேர்தல் வழக்கும் போட்டார்கள். தள்ளுபடி ஆனது.

இதை வைத்து விதிதான் அவரைத் தோற்கடித்தது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அன்றைக்கு நேருவின் காங்கிரஸ் நாடு முழுக்க 364 இடங்களை அள்ளிய தேர்தல் அது. அம்பேத்கரின் கட்சி அமைப்பும் பலவீனமாக இருந்தது. ஆனால் பலவீனமான கட்சிக்கும் விடாப்பிடியான ஆதரவாளர் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தின் உறுதியை இடங்களாக மாற்றித் தந்த வழியைப் புதிய விதி அடைத்துவிட்டது.

அந்தத் தோல்விக்குச் சில வாரங்களிலேயே அவர் நாடாளுமன்றத்துக்குள் இருந்தார். எப்படி? மாநிலங்களவை வழியாக. அங்கே தேர்தல் முறை என்ன? 1946இல் வங்காளத்தில் நடந்த அதே ஒற்றை மாற்று வாக்கு. பம்பாய் எம்.எல்.ஏ.க்கள் பெரும்பான்மையாக அவருக்குப் போட வேண்டியதில்லை. கோட்டாவைத் தொட்டால் போதும். 1956 டிசம்பர் 6 அன்று இறக்கும்வரை அவர் மாநிலங்களவை உறுப்பினர்.

கடைசியாக அவர் கேட்டது

1954 பண்டாரா இடைத்தேர்தலும் இரட்டைத் தொகுதிதான். மறுபடியும் அசோக் மேத்தாவோடு கூட்டணி. இந்த முறை பொது இடத்தில் மேத்தா ஜெயித்தார். ஒதுக்கீட்டு இடத்தில் அம்பேத்கர் சுமார் 8,000 ஓட்டில் தோற்றார். ஒரே கூட்டணி, ஒரே தொகுதி, ஒரே நாள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.

1955இல் அவருடைய கட்சியின் செயற்குழு, சட்டமன்ற இடஒதுக்கீட்டை எடுத்துவிடலாம் என்றே தீர்மானம் போட்டது. அதே ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலில் அம்பேத்கர் ஒரு மாற்றைச் சொன்னார். சிறுபான்மையினரின் பயத்தைப் போக்க, இரண்டு அல்லது மூன்று உறுப்பினர் கொண்ட தொகுதிகளை வையுங்கள். ஓட்டைக் குவித்துப் போடும் உரிமையைக் கொடுங்கள்.

1937இன் விதியைத்தான் அவர் திரும்பக் கேட்டார்.

நடந்தது நேரெதிர். 1957 தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவரே ஒதுக்கீட்டு இடம், பொது இடம் இரண்டையும் பிடித்தார்கள். பொது இடத்தில் தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கும் தோற்றார். இரட்டைத் தொகுதி என்றாலே பெரிய பரப்பு, இரட்டிப்புச் செலவு என்ற அதிருப்தியும் கட்சிகளிடம் இருந்தது. 1961இல் ஒரு சட்டம் எல்லா இரட்டைத் தொகுதிகளையும் ஒழித்தது. 1962 தேர்தலிலிருந்து ஒரு தொகுதி, ஓர் உறுப்பினர், ஓர் ஓட்டு.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

இன்று மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகள். தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44. இந்த ஒதுக்கீடு இல்லையென்றால் இத்தனை பேர் அந்த அவைகளுக்குள் போயிருக்க மாட்டார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அதே நேரம், இந்தத் தொகுதிகளில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் பட்டியல் சாதி வாக்காளர்கள் பாதிக்கும் குறைவு. எனவே பெரிய கட்சிகள் வேட்பாளரைத் தேடும்போது என்ன கணக்குப் போடும்? மற்ற சாதி வாக்காளர்கள் எதிர்ப்புக் காட்டாத ஒருவர். ஓர் ஊரில் சாதி மோதல் நடக்கும்போது அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. ஏன் வாய் திறக்கவில்லை என்று நாம் கேட்கிறோம். அவருடைய துணிச்சலை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் அடுத்த முறை ஜெயிக்க யாருடைய ஓட்டு வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மௌனத்தின் காரணம் புரியும்.

சட்டமன்ற, மக்களவை ஒதுக்கீட்டை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டித்துக்கொண்டே வருகிறது. இப்போதைய நீட்டிப்பு 2030 ஜனவரியில் முடிகிறது. மறுபடியும் விவாதம் வரும். வேண்டுமா, வேண்டாமா என்றே பெரும்பாலும் பேசுவார்கள். அம்பேத்கர் 1919இல் தொடங்கி 1955 வரை கேட்டுக்கொண்டிருந்தது அதைவிடக் கஷ்டமான கேள்வி: இடம் இருக்கட்டும், அந்த இடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்?